மீட்டரக்கா பொருத்திய சைரன்

பஸ் டிப்போவுக்குப் பின்னால் போகிற சந்தில் மூன்றாவது ஷட்டர் மீட்டரக்காவின் கடை. ஸ்டார்ட் ஆகாத வண்டி, எரியாத ஹெட்லைட், அடிக்காத ஹாரன் என்று மின்சாரம் சம்பந்தப்பட்ட எந்தக் கோளாறானாலும் அங்கே கொண்டுபோகலாம். முன்பக்கக் கண்ணாடி கவுண்டரில் ஃபியூஸும் பல்பும் விற்பவர் அவள் புருஷன். பின்பக்கம் ஏதாவது ஒரு காருக்குள் தலையை நுழைத்து, கால் மட்டும் வெளியே தெரியக் கிடப்பவள் அவள். கையில் எந்நேரமும் மீட்டர் இருப்பதால் வந்த பெயர் என்று வாடிக்கைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தியதில்லை.

பெயர் வந்த விதமே வேறு. இருபத்திரண்டு வயதில் அவள் ஊருக்கு வெளியே இருந்த பெரிய வொர்க்ஷாப்பில் வயரிங் வேலைக்குச் சேர்ந்தாள். நாற்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். அவளுடைய அப்பா அங்கே கேட் வாட்ச்மேன். ஒரு சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் புதிதாக வாங்கிய கிளாம்ப் மீட்டரைக் காணோம். வயரை வெட்டாமல், சும்மா வாயால் கவ்விப் பிடித்தாலே எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று சொல்லுகிற சாமான் அது. வொர்க்ஷாப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஃபோர்மேன் எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்தார். எல்லோரையும் சோதிக்கவில்லை. "கடைசியா இவ கையிலதான் இருந்தது" என்று அவளைக் காட்டினார். பிறகு கேட் பக்கம் திரும்பி, "வாட்ச்மேன், வாய்யா இங்க. உன் பொண்ணுதானே, நீயே பையைப் பாரு" என்றார்.

அப்பா பையை வாங்கித் தரையில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, மடித்த கைக்குட்டை, கடைசியில் பாதி தீர்ந்த இன்சுலேஷன் டேப் ஒன்று. வேலை முடிந்து கையோடு பைக்குள் விழுந்த டேப். ஃபோர்மேன் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "டேப் எடுக்கிறவ மீட்டர் எடுக்க மாட்டாளா?"

யாரோ சிரித்தார்கள். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. அந்த வாரக் கடைசியில் அப்பாவும் நின்றுவிட்டார். பழைய பேப்பர் கிடங்கு ஒன்றில் காவலுக்குப் போனார். எடுத்தாயா இல்லையா என்று அவர் அவளை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாள். கேட்காமலேயே ஏழு வருஷம் இருந்து, நாலு வருஷத்துக்கு முன்பு செத்தும் போனார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தெருவில் அவள் நடந்தால் "மீட்டர் போகுது பார்" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வரும். பல்பு சப்ளைக்கு வந்து பழகி அவளைக் கட்டிக்கொண்டவருக்கு விஷயம் தெரிந்தபோது, "முதுகுக்குப் பின்னாடிதானே கூப்பிடறாங்க? தலைக்கு மேல எழுதிவெச்சுடுவோம்" என்று கடைக்கு 'மீட்டரக்கா ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்' என்று போர்டே மாட்டிவிட்டார். அவள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பிறகு பழகிவிட்டது.

வொர்க்ஷாப்பை விட்டு வந்து பதினோரு வருஷம் கழித்து ஒரு காலை, அதே ஃபோர்மேன் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு சந்துக்குள் வந்தார்.

"என்னம்மா, சௌக்கியமா? கடையெல்லாம் ஜோரா இருக்கு! கையைப் பிடிச்சுக் கத்துக்கொடுத்தது வீண்போகல, பாத்தியா?"

அவர் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஒன்றும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய காருக்கு வயது இருபத்திரண்டு. ஏசி கிடையாது, கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும், கதவைப் பூட்ட ஒவ்வொரு ஜன்னல் ஓரத்திலும் இருக்கிற சின்னக் குமிழை அழுத்த வேண்டும். போன மாதம் மார்க்கெட் வாசலில் நிறுத்தியபோது பின்சீட்டிலிருந்த சாமான் பையும், குடையும், அவர் மனைவியின் மூக்குக்கண்ணாடியும் காணாமல் போயின.

"நாலு கதவையும் சுத்திச் சுத்தி வந்து அழுத்தணும். எங்க வீட்டம்மாவுக்குப் பின்னாடி இடது கதவு மட்டும் ஜென்மத்துக்கும் ஞாபகம் வராது. அலாரமும் சென்ட்ரல் லாக்கும் போட்டுடு. எங்க வொர்க்ஷாப் பசங்ககிட்ட கேட்டா, 'சார், இந்த வண்டி எங்களைவிட மூத்தது, மியூசியத்துக்குக் குடுத்துடுங்க'ன்னு சிரிக்கறானுங்க."

வந்த வேலையைத் திருப்பி அனுப்பும் வழக்கம் மீட்டரக்காவுக்கு இல்லை. அதோடு ஒரு வீம்பும் இருந்தது. அப்பழுக்குச் சொல்ல முடியாத வேலையாகச் செய்து, அவர் மூஞ்சிக்கு நேராகச் சாவியை நீட்ட வேண்டும்.

கதவின் உள்பலகையைக் கழற்றினாள். உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் பாதி உரித்தாள். பூட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் தடிமனுள்ள மோட்டாரை வைத்து, கம்பியோடு கம்பியைச் சேர்த்து இறுக்கினாள். குமிழ் மேலும் கீழும் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பத்து தடவை பார்த்தாள். கதவைத் திறந்து மூடும்போது வயர் நசுங்காதபடி ரப்பர் குழாய்க்குள் விட்டு இழுத்தாள். சைரனை பேட்டரிக்குப் பக்கத்தில், மழைத் தண்ணீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கி வைத்துப் பூட்டினாள். மதியத்துக்குள் நாலு கதவும் முடிந்தன. அலாரம் பெட்டியைப் பொருத்த ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தாள்.

ஃபோர்மேன் கவுண்டர் பக்கம் ஸ்டூலைப் போட்டு டீ குடித்துக்கொண்டு அவள் புருஷனிடம் கதை அளந்துகொண்டிருந்தார்.

"உங்க வீட்டம்மாவை ஒரு தடவை நாங்க படுத்தின பாடு இருக்கே! சொன்னாங்களா? கிளாம்ப் மீட்டர் காணோம்னு பெரிய ரகளை. அப்புறம் கேளுங்க கூத்தை. அடுத்த மாசமே கிடைச்சுடுச்சு!"

"கிடைச்சுடுச்சா?" என்றார் புருஷன்.

"சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்க ரேக்கை நகர்த்தினா, பின்னாடி ஒரு ஆணியில வௌவால் மாதிரி தொங்கிட்டு இருக்கு!" ஃபோர்மேன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"யார்கிட்டயும் சொல்லலையா சார்?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? அதுக்குள்ள இந்தப் பொண்ணும் வேலையை விட்டுப் போயிடுச்சு, இதோட அப்பாவும் போயிட்டார். எதுக்கு மறுபடி கிளறணும்னு பேசாம எடுத்து ஷெல்ஃபுல வெச்சுட்டேன்."

ஸ்டியரிங்குக்கு அடியில் அவள் அசையவில்லை. பல்லில் கடித்திருந்த வயரின் செம்பு நாக்கில் கசந்தது. ஒரு வார்த்தை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அடுத்த மாசமே சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஏழு வருஷம் தலை நிமிர்ந்து நடந்திருப்பார். அதுவரை மனசுக்குள்கூட 'அவர்' என்று நினைத்தவள், அந்த நிமிஷத்திலிருந்து 'அவன்' என்று நினைத்தாள். இனி இந்தக் கதையிலும் அப்படியே இருக்கட்டும்.

அலாரம் பெட்டியோடு ஷாக் சென்சார் என்று தீப்பெட்டி அளவில் ஒன்று வரும். வண்டியை யாராவது தட்டினால், உலுக்கினால் சைரனைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. எவ்வளவு உலுக்கினால் கத்த வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அதில் ஒரு சின்ன திருகாணி உண்டு. மீட்டரக்கா வழக்கமாக அதை நடுவில் வைப்பாள். அன்று கடைசி வரை திருகினாள். கூரையில் ஒரு காக்கை உட்கார்ந்தால் போதும். பிறகு, கிட்டோடு வந்த இரண்டு ரிமோட்டில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இன்னொன்றைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணுதானா?" என்றான்.

"ஒண்ணுதான் சார்."

அவன் பட்டனை அழுத்தினான். நாலு குமிழும் ஒரே நேரத்தில் 'டக்' என்று இறங்கின. சின்னக் குழந்தை மாதிரி பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு அவன் குடியிருப்பே சைரன் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தது. பால் வண்டி பக்கத்தில் போனதுதான் காரணம். எட்டு மணிக்கு யாரோ மாடியில் கம்பளம் உதறினார்கள், மறுபடி அலறியது. மூன்றாம் நாள் குடியிருப்புச் செயலாளர் வந்து கதவைத் தட்டினார். ஃபோர்மேன் ஓடிவந்தான். மீட்டரக்கா பொறுமையாக ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்து, ஒன்றையும் தொடாமல் ஐந்து நிமிஷம் கிடந்துவிட்டு எழுந்தாள்.

"பழைய பாடி சார், லொடலொடன்னு ஆடுது. அதான் பயந்துக்குது. போகப் போகச் சரியாயிடும்."

சரியாகவில்லை. அக்கம்பக்கத்தார் ஏச்சுக்குப் பயந்து அவன் வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. ஒரு மாலை அது கத்தும்போது அவன் ஓடிப்போய்க் கதவை இழுக்க, எதிர்க் கடைக்காரர்கள் இரண்டு பேர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்கள். வண்டிப் புத்தகத்தை எடுத்துக் காட்டுகிற வரை விடவில்லை. அதைச் சொல்ல அவன் நேராகக் கடைக்கு வந்தான்.

"என்னையே திருடன்னு நெனைச்சுட்டாங்கம்மா! என் வண்டியில ஏறப் போன என்னையே!"

"அடடா. ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே சார்."

"கஷ்டமா? நடுத்தெருவுல நிக்க வெச்சு, கையில இருந்த பையைக்கூட வாங்கிப் பாத்தாங்க!"

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்!"

அவள் அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். எங்கேயாவது ஒரு மூலையில் பொறி தட்டும் என்று எதிர்பார்த்தாள். தட்டவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "காலம் கெட்டுப்போச்சு" என்றான். தனியாக வைத்து எத்தனை தடவை அடித்தாலும் இவனுக்கு உறைக்காது.

அவன் போன பிறகு புருஷன் அலாரம் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். 'ரிமோட் 2' என்று அதில் அச்சடித்திருந்தது.

"இன்னொண்ணு எங்க?"

அவள் மிச்ச வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

"இங்க பாரு. அந்த ஆள் பண்ணினது பாவம், ஒத்துக்கறேன். ஆனா நீ பண்றது கள்ள வேலை. வாய்விட்டுத் திட்டு, வேணும்னா கன்னத்துல ரெண்டு குடு, நானே பிடிச்சுக்கறேன். வேலையில விஷம் வைக்காத."

"உங்க அப்பா கையால உங்க பையைக் கொட்டச் சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப கவுண்டரைப் பாருங்க."

அவர் கவுண்டரைப் பார்க்கப் போனார். அவர் சொன்னது சரியென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

அந்த வாரமே ஃபோர்மேன் ஓய்வு பெறுகிற நாள் வந்தது. வொர்க்ஷாப்பில் மாலை நாலு மணிக்கு டீ, பாராட்டு. அவனே போன் பண்ணிக் கூப்பிட்டான். "கட்டாயம் வந்துடணும்மா. நான் ஆளாக்கின பொண்ணுன்னு எல்லாருக்கும் காட்டணும்."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கேட்டுக்குள் நுழைந்தாள். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மைக் வைத்திருந்தார்கள். அன்றைக்கு நின்றவர்களில் இருபது பேராவது இருந்தார்கள். தலை நரைத்திருந்தது, தொப்பை போட்டிருந்தது, மற்றபடி அதே முகங்கள். அவன் கார் சுவர் ஓரம் நின்றது. அவன் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர், இவர் காலத்தில் ஒரு நட்டு, ஒரு போல்ட்டு வெளியே போனதில்லை என்று பேசினார். கைதட்டினார்கள். பிறகு ஃபோர்மேன் மைக்கைப் பிடித்தான்.

"இங்க ஒரு பொண்ணு வந்திருக்கு. என் கையால வளர்ந்த பொண்ணு. சின்ன வயசுல ஏதோ தப்புத்தண்டா நடந்திருக்கலாம். நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கல…"

அவள் கைப்பைக்குள் கையை விட்டு, அந்த இரண்டாவது ரிமோட்டில் சைரனைக் கிளப்புகிற பட்டனைத் தேடினாள். பட்டனை அழுத்தினாள்.

கார் அலறியது. முற்றமே திரும்பிப் பார்த்தது. அவன் அசடு வழியச் சிரித்து, தன் ரிமோட்டை எடுத்து நிறுத்தினான். "பாருங்க, எனக்கு முன்னாடி அது பேசுது" என்றான். சிரித்தார்கள். "நான் என்ன சொல்லிட்டிருந்தேன்…" மறுபடி அலறியது. நிறுத்தினான். வாயைத் திறந்தான். அலறியது. இப்போது சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. "சார், வண்டி உங்களை விடாது போல" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அவன் முகம் சிவந்து, மைக்கை விட்டுவிட்டுக் காருக்கு ஓடினான். பின்னாலேயே மீட்டரக்காவும் போனாள். அக்கா சரிபண்ணப் போகிறாள் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவன் மனைவியும் எழுந்து வந்தாள்.

சைரன் காதைக் கிழித்தது. அவன் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தான். அவன் நிறுத்த நிறுத்த அவள் கிளப்பினாள்.

"என்னம்மா எழவு இது! நிறுத்து!" என்று அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

அவள் கைப்பையைத் திறந்து உள்ளேயிருந்த ரிமோட்டைக் காட்டினாள். அவன் கண் விரிந்தது. அவள் அவன் காதருகே போய்க் கத்தினாள்: "மீட்டர் என்னாச்சு சார்?"

"என்ன மீட்டர்?"

"என் பையில தேடின மீட்டர்!"

"அதுக்கா இவ்வளவும்? பைத்தியமாடி உனக்கு?" ஆத்திரத்தில் கழுத்து நரம்பு புடைக்க, அடித்தொண்டையிலிருந்து கத்தினான். "அதான் சொன்னேனே! மீட்டர்…"

அவள் பட்டனை அழுத்தினாள். சைரன் பட்டென்று நின்றது. அவன் குரல் நிற்கவில்லை.

"…அடுத்த மாசமே கிடைச்சுடுச்சுன்னு! நீ திருடலைன்னு எனக்குத் தெரியும்டி!"

முற்றத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய் இடித்துத் திரும்பியது அந்தக் குரல். டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர்கள் அப்படியே நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

மீட்டரக்கா எல்லோருக்கும் தெரியும்படி ரிமோட்டை உயர்த்தினாள். பிறகு அதை அவன் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"இது உங்களோடது சார். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நான் எடுத்தேன். உங்ககிட்டேயிருந்து நான் திருடினது இது ஒண்ணுதான். இதுக்கு வேணா என்னைத் திருடின்னு சொல்லுங்க."

அவன் மனைவி அவனைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள். "ஒரு மாசத்துல கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். மேனேஜர் தொண்டையைக் கனைத்து, கேக்கை வெட்டிவிடலாமா என்றார். மீட்டரக்கா கேட்டைத் தாண்டி நடந்தாள். கால் தரையில் பாவவில்லை. சந்தோஷம்தான். சும்மா சொல்லக்கூடாது, வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

வந்தவுடன், அப்பா போன பிறகு அவளோடேயே இருக்கிற அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். கடைசியில், "எனக்கே ஒரு நாள் சந்தேகம் வந்துதுடி. எடுத்திருப்பியோன்னு. ஒரே ஒரு நாள்" என்றாள்.

"அப்பாவுக்கு?"

"அந்த மனுஷன் எதை வெளிய சொன்னார், இதைச் சொல்ல?"

கைதட்டி முடித்த கையில் சுடுநீரைக் கொட்டியதுபோல இருந்தது. ஃபோர்மேனைப் பழிவாங்கியாயிற்று. அம்மாவை என்ன செய்வது? அவள் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினாள். "உங்கம்மா சாப்பிடச் சொல்றாங்க", "பசியில்லன்னு சொல்லுங்க" என்று புருஷன்தான் சமையலறைக்கும் கூடத்துக்கும் தபால் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஃபோர்மேனின் மனைவி தானே காரை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். இப்போதெல்லாம் சைரனைக் கேட்டாலே அவன் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறானாம். கழற்றிவிடும்மா என்றாள்.

"கழட்ட வேண்டாங்க. அதுல தப்பு இல்ல, நான் வெச்ச விதத்துலதான் தப்பு" என்று மீட்டரக்கா படுத்து, திருகாணியை நடுவுக்குக் கொண்டுவந்தாள். எழுந்து கூரையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள், கத்தியது. விரலால் தட்டினாள், சும்மா இருந்தது. பின் இடது கதவைத் தனியாக இரண்டு தடவை பூட்டித் திறந்து காட்டினாள்.

"அவர் வெளிய என்ன சொல்றார் தெரியுமா? நன்றிகெட்டவள்னு உன்னைத் திட்டிட்டிருக்கார். பாதிப் பேர் நம்பவும் நம்பறாங்க" என்றாள் அந்த அம்மா.

"மீதிப் பாதி போதுங்க."

"மன்னிப்புக் கேக்க மாட்டார்மா. முப்பத்தஞ்சு வருஷத்துல என்கிட்ட ஒருதடவை கேட்டதில்ல."

"கேக்க வேணாம்னு சொல்லுங்க. கேட்டுத் தொலைச்சா மன்னிக்க வேண்டி வரும்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரில் ஏறிப் போனாள். மீட்டரக்கா கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அம்மா தட்டை வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, அம்மாவைப் பார்த்து "உப்பு கம்மி" என்றாள். அம்மா உப்பு ஜாடியை நகர்த்தினாள்.

அம்மாவோடு அன்றைக்கே பேச்சு வந்துவிட்டது. ஃபோர்மேனோடு இன்றுவரை இல்லை.